உளுந்தூர்பேட்டை ரோட்டுக்கு எண் 68-ஆ, 79-ஆ? வெளியூர் ஓட்டுநருக்கு எதைச் சொல்வது?

கேட்பவர்: குச்சிக்கிழங்குக் கணக்கு

வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சேகோ ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவு என்னுடையது. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, நான். பில் போடுவது, மூட்டைக் கணக்கு பார்ப்பது, வண்டி நேரத்துக்கு வராவிட்டால் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. கடைசி வேலைதான் இப்போது அதிகமாகிவிட்டது.

எங்கள் ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே போகிறது. ராஜஸ்தான் வண்டிகள் கேரளாவில் மார்பிள் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பாமல் எங்களிடம் லோடு ஏற்ற வரும். கொச்சியிலிருந்து கோவை, பவானி, சங்ககிரி வழியாகச் சேலம் வந்து, அங்கிருந்து ஆத்தூர் ரோட்டில் ஏற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

எங்கள் லெட்டர்பேடு 2008-இல் அச்சடித்தது. முகவரியில் 'என்.எச். 68, சேலம் மெயின் ரோடு' என்று இருக்கிறது. இன்னும் நான்கு கட்டு மீதி. முதலாளி அதைத் தூக்கிப் போடச் சம்மதிக்க மாட்டார். காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் கூலிக் கணக்கு எழுதுகிற மனிதர். போன மாதம் அந்த லெட்டர்பேடைப் படம் பிடித்து ஓர் ஓட்டுநருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "அக்கா, 68 எங்கள் ஊர் ரோடு. நான் வீட்டுக்கா போக வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் பார்மர்க்காரர். ஜெய்சல்மேர், பார்மர் வழியாகப் போகும் சாலைக்கு இப்போது என்.எச். 68 என்றுதான் பெயராம். எங்கள் வாசலில் இருந்த எண்ணை யாரோ எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்துவிட்டார்கள்.

சரி, எங்கள் ரோட்டின் புது எண்ணான 79 என்று தேடி வாருங்கள் என்றேன். அவர் கோவை ரோடான 544-இல் வந்தார், கொண்டலாம்பட்டியில் மதுரை ரோடான 44-இல் ஏறினார், 79 எங்கே 79 எங்கே என்று பார்த்துக்கொண்டே நேராகப் போய் ராசம்பாளையம் சுங்கச்சாவடியில் பணமும் கட்டிவிட்டார். நாமக்கல் அருகில் வந்துவிட்டதைச் சொல்லத்தான் அடுத்த போன்.

அடுத்த வாரம் இன்னொருவர். இவருக்கு 79-ஐ இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அயோத்தியாப்பட்டணம் வரை பிசகில்லாமல் வந்தவர், 179ஏ என்ற பலகையைப் பார்த்ததும் உள்ளே 79 இருக்கிறதே என்று இடதுபக்கம் திரும்பிவிட்டார். "அக்கா, இரண்டு பக்கமும் மலை, ரோட்டோரம் குரங்கு உட்கார்ந்திருக்கிறது, உங்கள் மில் காட்டுக்குள்ளேயா?" என்றார். மஞ்சவாடிக் கணவாய். அரூர் பக்கம் போய்விட்டார். அன்று லோடு ஏற்றி முடிக்க இரவு ஒன்பது மணி. சுமை தூக்குபவர்களுக்கு நான் கணக்கில் வராத டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் சந்தேகம் இவ்வளவுதான். எண்ணை ஏன் மாற்றினார்கள்? கொண்டலாம்பட்டியில் ஒரே ரோட்டுக்குள் 544, 44, 79 மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன? வெளியூர்க்காரருக்கு ஒரே மூச்சில் புரியும்படி என்ன சொல்லலாம்? லெட்டர்பேடில் 68 இருப்பதால் பில்லுக்கு ஏதாவது வில்லங்கம் வருமா? எட்டு வழிச்சாலை பற்றிய வாதத்தைத் தயவுசெய்து இங்கே தொடங்காதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது.

பதில்: சங்ககிரி ஸ்டியரிங்

அம்மணி, நான் 27 வருடம் லாரி ஓட்டியவன். இப்போது சங்ககிரியில் உதிரிபாகக் கடை. ரோட்டு எண்ணை நம்பி வண்டி ஓட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அது பெங்களூர் ரோடு, கோவை ரோடு, ஆத்தூர் ரோடு. இப்போது 44 ஆகிவிட்ட ரோட்டை மட்டும் ஏழாம் நம்பர் என்று சொல்வோம். அதுகூட எண் என்பதால் இல்லை, பழகிய பெயர் என்பதால்.

ஆனால் உங்கள் ஓட்டுநர்கள் தவறியதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கொண்டலாம்பட்டியின் சூது வேறு. கோவையிலிருந்து வருகிறவன் ஆத்தூர் போக வேண்டும். ஆத்தூர் கிழக்கே. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, அதற்கு மேல் சென்னை, எல்லாம் கிழக்கும் வடகிழக்குமாகத்தான். ஆனால் கொண்டலாம்பட்டியில் அவன் நாமக்கல், மதுரை என்று தெற்கைக் காட்டும் பலகையைப் பின்பற்ற வேண்டும்! சென்னைக்குப் போகிறவனிடம் மதுரைப் பலகையைப் பார்த்துப் போ என்றால் எப்படி மனம் ஒப்பும்? ஒப்பாதவன் நகரத்துக்குள் நுழைந்து மாட்டுகிறான். ஒப்புக்கொண்டவனோ, மதுரையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ராசம்பாளையம் போய்விடுகிறான். சீலநாயக்கன்பட்டியில் மதுரையைக் கைவிட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் இப்படிச் சொல்வேன்: வைகுந்தம் சுங்கச்சாவடி தாண்டு. மகுடஞ்சாவடி, காக்காபாளையம் போகும். அரியானூரில் 1008 லிங்கம் கோயில் கண்ணில் படும், அங்கேயே வேகத்தைக் குறைத்துக்கொள். கொண்டலாம்பட்டியில் நாமக்கல் பக்கம் போ. சில கிலோமீட்டர்தான். சீலநாயக்கன்பட்டி வந்ததும் நாமக்கல்லை விட்டுவிட்டு ஆத்தூர் பக்கம் பிரிந்துவிடு. எருமாபாளையம், உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம். அங்கே அரூர் என்று எது காட்டினாலும் திரும்பாதே. மேட்டுப்பட்டி சுங்கச்சாவடி வந்தால் சரியான ரோட்டில் இருக்கிறாய். ராசம்பாளையம் வந்தால் வண்டியைத் திருப்பு.

ஊர்ப் பெயரை மறந்தாலும் சுங்கச்சாவடிப் பெயரை ஓட்டுநர் மறக்க மாட்டார். பணம் போகிற இடம் அல்லவா.

இன்னொன்று. பழைய கணக்கில் சேலத்தில் பிரியும் 7-உம் 47-உம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று மதுரை, திருநெல்வேலி வழி. மற்றது கோவை, கொச்சி, திருவனந்தபுரம் வழி. இரண்டும் கன்னியாகுமரி. நான் கிளீனராக இருந்தபோது என் குரு, "கன்னியாகுமரி எந்தப் பக்கம்?" என்று கொண்டலாம்பட்டியில் நிறுத்திக் கேட்பார். எதைச் சொன்னாலும் தலையில் ஒரு குட்டு.

பதில்: அளவுச்சங்கிலி

சாலை வரைபடங்களோடு 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டியரிங் அண்ணன் வழியைச் சரியாகச் சொல்லிவிட்டார். எண்ணைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை.

பழைய எண்களுக்குத் திசையோடு சம்பந்தம் இருந்ததில்லை. ஒரு சாலையிலிருந்து கிளை பிரிந்தால் 7ஏ, 47ஏ, 45பி என்று வால் முளைக்கும். 2010-இல் நாடு முழுவதும் எண்ணை மாற்றி அமைத்தார்கள். அடிப்படை சுலபம். வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண்; வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும்.

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் 77. அதற்குக் கீழே சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை 79. அதற்கும் கீழே கோவையிலிருந்து திருச்சி வழியாகச் சிதம்பரம் 81. கோவையிலிருந்து நாகப்பட்டினம் 83. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85. ஏணிப்படி மாதிரி தெற்கே இறங்குகிறது. உங்கள் ஆலை அந்த ஏணியில் ஒரு படியின்மேல் இருக்கிறது அம்மா. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம். வீட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

44 ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை வரும் சாலை. வாராணசியில் தொடங்கிய பழைய 7-இல், நம் பக்கம் வரும் நீளம் முழுவதும் இதற்குள் போய்விட்டது. மூன்று இலக்க எண் என்றால் கிளை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. 544 என்பது 44-இன் கிளை, சேலத்திலிருந்து கொச்சி வரை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போவது 744. தர்மபுரி அருகே அதியமான்கோட்டையிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போவது 844. அதே முறையில் 179ஏ என்பது 79-இன் கிளை. அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடி போகிறது. உங்கள் இரண்டாவது ஓட்டுநர் 79-ஐப் பார்த்ததில் பிழை இல்லை. தாயைத் தேடியவர் பிள்ளையின் பின்னால் போய்விட்டார்.

விடுபட்ட எண்கள் வேறு மாநிலங்களுக்குப் போயின. 68 ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும். 47 அகமதாபாத், இந்தூர் வழியாக நாக்பூருக்கு. 7 இப்போது பஞ்சாபில் தொடங்கிப் பத்ரிநாத்தைத் தாண்டி மானா வரை ஏறுகிறது. ஏழாம் நம்பர் என்று ஸ்டியரிங் அண்ணன் சொல்வதை ஒரு பஞ்சாபி ஓட்டுநர் கேட்டால் அவருக்கு இமயமலைதான் நினைவுக்கு வரும்.

இனி ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது பற்றி. சாலை ஒன்று, எண் இரண்டு என்பது கொண்டலாம்பட்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை 44-உம் 48-உம் ஒரே தாரில்தான் ஓடுகின்றன. கிருஷ்ணகிரியில் 48 சென்னைக்குப் பிரிகிறது, 44 நம்மிடம் வருகிறது. போதாததற்கு 44-இன் மேல் ஆசிய நெடுஞ்சாலை 43 என்ற எண்ணும் உண்டு. எதிர்த்திசைக் குழப்பமும் இருக்கிறது: முன்பு சென்னையிலிருந்து திருச்சிக்கு 45 என்ற ஒரே எண். இப்போது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு 38. உங்கள் 79 உளுந்தூர்பேட்டையில் போய்ச் சேர்வது அந்த 38-இல்.

கொண்டலாம்பட்டிக்கும் சீலநாயக்கன்பட்டிக்கும் நடுவில் இருப்பது 44. ஆனால் அதில் ஓடும் வண்டிகளில் ஒரு பகுதி மதுரைக்கு, ஒரு பகுதி கோவைக்கு, ஒரு பகுதி சென்னைக்கு. மூன்று ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

பதில்: சங்ககிரி ஸ்டியரிங்

ஐயா, ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர்க் கணவாய் இறங்கி, தூக்கக் கண்ணோடு வருகிறவனுக்கு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று யோசிக்க நேரம் இருக்காது.

பதில்: அளவுச்சங்கிலி

அதே தொப்பூரில் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் போட வேண்டும். மறுமுனையில் இருப்பவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். பெங்களூர் ரோடு என்றால் அவருக்கு என்ன புரியும்? எண்ணையும், மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல்லில் இருக்கும் தூரத்தையும் சொன்னால் வண்டி வந்துவிடும். வழி கேட்க ஊர்ப்பெயர் வேண்டும், உதவி கேட்க எண் வேண்டும். இரண்டையும் ஓட்டுநருக்குக் கொடுங்கள்.

பதில்: சங்ககிரி ஸ்டியரிங்

அதை ஒப்புக்கொள்கிறேன். தொப்பூரில் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். அப்போது கையில் போனும் இல்லை, எண்ணும் தெரியாது.

பதில்: சேர்வராயன் காபி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது எண் இரண்டு இருக்கிறது. எங்கள் மலையில் எந்த ரோட்டையும் யாரும் எண் சொல்லி அழைப்பதில்லை. சேலத்திலிருந்து கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவது ஒன்று. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக வருவது இன்னொன்று. ஏற்காடு ரோடு என்றால் இரண்டும்தான். வரைபடத்தைப் பார்த்துக் கிளம்பும் சுற்றுலாக்காரர்கள் எந்தப் பக்கம் ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறுகிறார்கள். கோடை விழாக் கூட்டத்தில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று போலீஸ் பிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "வந்த வழியைக் காணோம்" என்று என் தோட்டத்து வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு.

உங்கள் இரண்டாவது ஓட்டுநர் கதை படித்துச் சிரித்தேன். அயோத்தியாப்பட்டணத்தில் அரூர் ரோட்டில் திரும்பினால் மஞ்சவாடிக்கு முன்பே குப்பனூர் வந்துவிடும். அங்கேயும் இன்னொரு தடவை தவறாகத் திரும்பியிருந்தால் மலை ஏறி எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்திருப்பார். ஜவ்வரிசி லோடு ஏற்ற வந்தவருக்கு மிளகு மூட்டை ஏற்றி அனுப்பியிருப்பேன்.

உதவியாக ஒன்று: ஓட்டுநருக்கு மலையை அடையாளமாகச் சொல்லுங்கள். உடையாப்பட்டி தாண்டி ஆத்தூர் நோக்கிப் போகும்போது சேர்வராயன் மலை இடதுகைப் பக்கம் இருக்க வேண்டும். மலை நேர் எதிரே வந்து நின்றால் அரூர் ரோட்டில் திரும்பிவிட்டார் என்று பொருள். பகலில் மட்டும் செல்லும்.

பதில்: பில் தம்பி

அக்கா, கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இ-வே பில்லுக்கு (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) ரோட்டு எண் தேவையே இல்லை. புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டின் பின்கோடையும் வைத்துத்தான் தளம் தூரத்தைக் கணக்கிடுகிறது. செல்லுபடியாகும் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்; 2021-க்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாளாக இருந்தது. ராசம்பாளையம் வரை வீணாகப் போய்வந்தாலும் அதனால் பில் காலாவதி ஆகாது, அது லோடு ஏற்றிய பிறகு போடுவதுதானே.

ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியைத் திருத்துவது வேறு விஷயம். முதன்மை வணிக இடத்தின் முகவரி முக்கிய விவரத்தில் சேரும். அதிகாரி ஒப்புதல் வேண்டும். பதிவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே சர்வே எண்ணும் ஊரும் பின்கோடும் மட்டும் இருந்தால் 68, 79 சண்டைக்கு அங்கே வேலையே இல்லை. லெட்டர்பேடு உங்கள் முதலாளியின் விருப்பம்.

கேட்டவர்: குச்சிக்கிழங்குக் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. பதிவைப் பார்த்தேன் தம்பி. சர்வே எண், ஊர், பின்கோடு. 68 அங்கே இல்லவே இல்லை. பன்னிரண்டு நாளாக இதற்கு நான் தூக்கம் கெட்டது வீண்.

ஸ்டியரிங் அண்ணன் சொன்ன வழியை அந்தப் பார்மர் ஓட்டுநரிடமே படித்துக் காட்டினேன். அவர் அதை இந்தியில் ஒரு நிமிடக் குரல்பதிவாகப் பேசித் தந்தார். "வைகுந்தம் டோல், கோயில் மலை, நாமக்கல் பக்கம், சீலநாயக்கன்பட்டியில் நாமக்கல்லை விடு, ஆத்தூர், அரூர் வேண்டாம், மேட்டுப்பட்டி டோல்." சீலநாயக்கன்பட்டியை மட்டும் அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, மூன்றாவது முயற்சியில் 'சீலா பட்டி' என்று முடித்துக்கொண்டார். பின்னால் மூட்டை விழும் சத்தமும் கேட்கிறது. அதை அப்படியே அனுப்புகிறேன். அளவுச்சங்கிலி ஐயா சொன்னபடி கடைசியில் என் குரலில் "நம்பர் 79, உதவிக்கு 1033" என்று சேர்த்திருக்கிறேன்.

இதுவரை ஐந்து வண்டி. நான்கு நேராக வந்தன. ஐந்தாவது ஓட்டுநர் குரல்பதிவைக் கேட்கவே இல்லையாம். மகுடஞ்சாவடியில் டீ குடித்த கடையில் ஆத்தூர் என்று கேட்டுவிட்டு வந்தாராம். அவர்தான் எல்லோரையும் விடச் சீக்கிரம் வந்தார்.

லெட்டர்பேடு விஷயத்தை முதலாளியிடம் கொண்டுபோனேன். சேலம் போய் ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்து வரச் சொன்னார். இப்போது நான்கு கட்டுத் தாளிலும் 68-இன் மேல் 79 குத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கட்டில் இருக்கிறேன். மை காயும் முன் அடுக்கினால் பின்பக்கம் ஒட்டுகிறது.